குர்குமின் கரைசல் பஃபரில் மங்குகிறது: காரணம், சேமிப்பு, போரான் சோதனை, கழிவு பற்றிச் சில கேள்விகள்

ஆய்வகப்பொறுப்பு எழுதியது:

வணக்கம். எங்கள் ஆய்வகத்தில் மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் மூன்று வேலைகளுக்குப் பயன்படுகிறது. காரத்தைக் காட்டும் காட்டித்தாள், நீரில் போரான் அளவிடும் வினைப்பொருள், பி.எச். 7.4 பாஸ்பேட் பஃபரில் (பி.எச்.-ஐ நிலையாக வைக்கும் கரைசல்) ஒளி உறிஞ்சல் அளவீடு. புட்டியில் 95% என்று அச்சிட்டிருக்கிறது. ஆரஞ்சு கலந்த மஞ்சள் தூள்.

முதல் இரண்டும் ஓரளவு சரியாக வருகின்றன. மூன்றாவதுதான் சிக்கல். டி.எம்.எஸ்.ஓ.-வில் (டைமெத்தில் சல்ஃபாக்சைடு என்ற கரைப்பான்) 10 மில்லிமோலார் மூலக்கரைசல் செய்து, அதில் 20 மைக்ரோலிட்டர் எடுத்து 10 மி.லி. பஃபரில் விடுகிறோம். கணக்குப்படி 20 மைக்ரோமோலார். முதலில் நல்ல மஞ்சள். 425 நானோமீட்டரில் அளவு எடுத்துக்கொண்டே போனால் எண் இறங்கிக்கொண்டே வருகிறது. சில குடுவைகளில் அடியில் மெல்லிய மஞ்சள் படிவு தெரிகிறது, சிலவற்றில் படிவே இல்லாமல் நிறம் போய்விடுகிறது. ஒரே மாதிரி செய்தும் இரண்டு விதமாக வருவது ஏன்?

கூடவே இவையும்: மூலக்கரைசலை எப்படி, எவ்வளவு குளிரில் வைப்பது? காட்டித்தாள் காரத்திலும் சிவக்கிறது, போரிக் அமிலத்திலும் சிவக்கிறது, பிரித்தறிவது எப்படி? மேசை, கண்ணாடிக் கலன்களில் ஏறும் கறைக்கு பிளீச் போடலாமா? கழிவை எதில் சேர்ப்பது?

---

நிறமாலை எழுதியது:

வணக்கம். உங்கள் குடுவையில் இரண்டு வேறு வேறு விஷயங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ஒன்று வீழ்படிவு, இன்னொன்று சிதைவு. இரண்டுமே 425-ல் எண்ணைக் குறைக்கும். அந்த ஓர் அலைநீளத்தை மட்டும் பார்த்தால் எது நடக்கிறது என்று சொல்லவே முடியாது.

வீழ்படிவு முதலில். குர்குமின் தண்ணீரில் கிட்டத்தட்ட கரையாது. ஒரு மி.லி. நீரில் ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் போடும் 20 மைக்ரோமோலார் என்பது மி.லி.க்கு 7.4 மைக்ரோகிராம். அதாவது கரையக்கூடிய அளவைப் பல மடங்கு தாண்டியிருக்கிறீர்கள். டி.எம்.எஸ்.ஓ. துளி பஃபரைத் தொட்டவுடன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நுண்துகள்களாகின்றன. கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும், ஆனால் அது உண்மையான கரைசல் இல்லை. துளி விழுந்த இடத்தில் எவ்வளவு வேகமாகக் கலக்கினீர்கள் என்பதைப் பொறுத்துத் துகளின் அளவு மாறும். ஒரு குடுவையில் படிவும் இன்னொன்றில் படிவின்மையும் வர இதுவே போதும். பிளாஸ்டிக் குழாயாக இருந்தால் சுவரிலும் ஒரு பங்கு ஒட்டிக்கொள்ளும்.

சிதைவு இரண்டாவது, இதுதான் பெரிது. 1997-ல் வெளியான ஓர் ஆய்வில் பி.எச். 7.2 பாஸ்பேட் பஃபரில், 37 டிகிரியில், 30 நிமிடத்துக்குள் சுமார் 90% குர்குமின் சிதைந்துவிட்டது. அமிலப் பக்கம் அதே மூலக்கூறு வெகு நேரம் தாங்குகிறது. காரணம் அதன் அமைப்பில் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஹைட்ராக்சிலும் மெத்தாக்சியும் உள்ள பென்சீன் வளையம், நடுவில் ஏழு கார்பன் நீளச் சங்கிலி, அதில் பீட்டா-டைகீட்டோன். கரிமக் கரைப்பான்களில் இந்த நடுப்பகுதி பெரும்பாலும் ஈனால் வடிவில் இருக்கும். இரட்டைப் பிணைப்புகள் முனையிலிருந்து முனைவரை தொடர்வதால்தான் நீலப் பகுதி ஒளியை உறிஞ்சி மஞ்சளாகத் தெரிகிறது. பி.எச். 7-ஐத் தாண்டும்போது புரோட்டான்கள் கழலத் தொடங்கும். எதிர்மின் சுமை ஏறிய மூலக்கூறு ஆக்சிஜனுக்கு எளிதில் எலக்ட்ரானைக் கொடுக்கிறது. பிறகு தொடர்வினைபோலத் தன்னாக்சிஜனேற்றம் ஓடுகிறது. பழைய நூல்களில் வெனிலின், ஃபெருலிக் அமிலம், ஃபெருலோயில் மீத்தேன் என்று நீராற்பகுப்பு விளைபொருள்களை மட்டும் சொல்லியிருப்பார்கள். உடலியல் பி.எச்.-ல் முதன்மையாக உண்டாவது ஆக்சிஜன் ஏறிய பைசைக்ளோபென்டாடையோன் என்று பின்னால் தெரிந்தது. இவை எதற்கும் 425-ல் சொல்லும்படியான உறிஞ்சல் கிடையாது. நிறம் போவதற்கு அதுதான் காரணம்.

பிரித்தறிய எளிய வழி இது. 300 முதல் 700 நானோமீட்டர் வரை முழு நிறமாலை எடுங்கள். 600-ல் குர்குமின் எதையும் உறிஞ்சாது. அங்கே அடிக்கோடு மேலே ஏறியிருந்தால் அது துகள்கள் ஒளியைச் சிதறடிப்பது, அதாவது வீழ்படிவு. 600-ல் அடிக்கோடு பூஜ்யத்தில் நிற்க, 425 மட்டும் இறங்கினால் சிதைவு என்று கொள்ளுங்கள். உறுதிப்படுத்த, அந்தக் கரைசலில் ஒரு மி.லி. எடுத்து, சில துளி அசிட்டிக் அமிலம் விட்ட எத்தனால் நான்கு மி.லி.யில் கலக்குங்கள். படிவாக இருந்த குர்குமின் கரைந்து, ஐந்து மடங்கு நீர்த்தல் கணக்குக்கு ஏற்ற அளவு திரும்பக் கிடைக்கும். சிதைந்தது திரும்பாது. குடுவைச் சுவரில் ஒட்டியதையும் இந்தக் கணக்கில் சேர்க்க, காலியான குடுவையையே அதே எத்தனாலால் அலசி அளந்து பாருங்கள்.

இன்னொன்று. பி.எச். 8-க்கு மேலே போனால் உச்சி 465 பக்கம் நகர்ந்து கரைசல் செந்நிறமாகும். அப்போது 425-ல் குறைவது சிதைவினால் மட்டும் இல்லை. உடனே அமிலம் விட்டால் மஞ்சள் முழுதாகத் திரும்பும். கால் மணி நேரம் கழித்து விட்டால் குறைவாகத்தான் திரும்பும். இடைப்பட்ட நேரத்தில் போனது போனதுதான். மாணவர்களுக்குக் காட்ட இதைவிடத் தெளிவான செய்முறை தேவையில்லை.

---

கரைப்பான் எழுதியது:

மேலே சொன்னது அத்தனையும் சரி. நான் மூலக்கரைசல், சேமிப்பு பற்றி மட்டும் எழுதுகிறேன்.

புட்டியில் இருக்கும் 95% என்பதை முதலில் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலும் அது மூன்று குர்குமினாய்டுகளின் கூட்டுத்தொகை. தாவரத்திலிருந்து எடுத்த வணிகத் தூளில் குர்குமின் முக்கால் பங்கு போல, டெஸ்மெத்தாக்சி குர்குமின் 17% போல, பிஸ்டெஸ்மெத்தாக்சி சில சதவீதம் இருப்பது வழக்கம். மூலக்கூறு எடை முறையே 368.4, 338.4, 308.3. ஆகவே 368.4-ஐ வைத்து மில்லிமோலார் கணக்குப் போட்டால் அது தோராயமே. காட்டித்தாளுக்கு இது பொருட்டில்லை. அளவீட்டு வேலைக்கு எடையை நம்பாமல் ஒளி உறிஞ்சலால் செறிவைத் தீர்மானியுங்கள்.

18.4 மி.கி. தூளைச் சிறு பழுப்புக் கண்ணாடிக் குப்பியிலேயே நேரடியாக எடை போடுங்கள். காகிதத்தில் எடை போட்டுக் கொட்டினால் நிலைமின்சாரத்தால் தூள் ஒட்டிக்கொண்டு கணக்கு தவறும். அதே குப்பியில் 5 மி.லி. டி.எம்.எஸ்.ஓ. விட்டு முழுக்கக் கரையும்வரை கலக்குங்கள். இது 10 மில்லிமோலார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கும்போது ஒரு துகள்கூட மிதக்கக் கூடாது. பிறகு 10 மைக்ரோலிட்டர் எடுத்து 20 மி.லி. எத்தனாலில் கலந்து 425-ல் அளக்கவும். சுத்தக் குர்குமினுக்கு எத்தனாலில் 1% கரைசலின் ஒரு செ.மீ. உறிஞ்சல் 1607 என்பது உணவுச் சேர்க்கைத் தர அளவீட்டில் பயன்படும் எண். அதன்படி மி.லி.க்கு ஒரு மைக்ரோகிராம் இருந்தால் 0.161. உங்கள் நீர்த்தலில் 1.84 மைக்ரோகிராம் இருக்கும், எனவே சுத்தமாக இருந்தால் 0.296, 95% தூளுக்கு 0.28 வர வேண்டும். 0.25-க்குக் கீழே வந்தால் தூள் பழையது, அல்லது முழுக்கக் கரையவில்லை, அல்லது பிப்பெட் நுனிக்கு வெளியே ஒட்டிய டி.எம்.எஸ்.ஓ.-வைத் துடைக்கவில்லை. டி.எம்.எஸ்.ஓ. தடித்த திரவம். 10 மைக்ரோலிட்டர் எடுக்கும்போது மெதுவாக உறிஞ்சி, நுனியைச் சுவரில் தொட்டு எடுத்தால்தான் அளவு சரியாக வரும்.

இந்த எண்ணைக் குப்பியின் மேல் தேதியோடு எழுதிவையுங்கள். அடுத்த முறை உறைநிலையிலிருந்து எடுக்கும்போது அதே நீர்த்தலைச் செய்து ஒப்பிட்டால் கரைசலின் நிலை அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சேமிப்பு: 50 அல்லது 100 மைக்ரோலிட்டராகப் பிரித்து, மூடி இறுகிய குழாய்களில், மைனஸ் 20 டிகிரியில், இருட்டில். டி.எம்.எஸ்.ஓ. 18.5 டிகிரியிலேயே உறையும் என்பதால் சாதாரணக் குளிர்பதனப் பெட்டியிலும் கட்டியாகிவிடும். எடுத்தபின் முழுக்க உருகி அறை வெப்பத்துக்கு வரும்வரை மூடியைத் திறக்காதீர்கள். குளிர்ந்த குழாயைத் திறந்தால் காற்றின் ஈரம் உள்ளே இறங்கும், டி.எம்.எஸ்.ஓ. அதை ஆவலோடு உறிஞ்சிக்கொள்ளும். நீர் ஏறிய டி.எம்.எஸ்.ஓ.-வில் குர்குமின் மெல்லப் பிரிந்து படியத் தொடங்கும். உருகிய பின் ஒருமுறை நன்றாகக் கலக்கி, படிகம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். உலர்ந்த தூளுக்கு இவ்வளவு பாடு இல்லை. இருட்டும் உலர்வும் போதும், உருகுநிலையே 180 டிகிரிக்கு மேல்.

ஒளியைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை. கரைசலில் இருக்கும் குர்குமினை நீல ஒளியும் சூரிய ஒளியும் சிதைக்கும், கரைப்பான் எத்தனாலாக இருந்தாலும் சரி. ஜன்னலோரம் வைத்த தெளிந்த குடுவை, இருட்டில் வைத்ததோடு ஒப்பிட்டால் மாலைக்குள் தெளிவாக வெளிறியிருக்கும். அலுமினியத் தாளைச் சுற்றுங்கள். அளவீட்டின்போதும், இரண்டு அளவுகளுக்கு இடையில் க்யூவெட்டை (கரைசலை ஊற்றி அளக்கும் சிறு கலம்) ஒளிக்கற்றையிலேயே விட்டுவைக்காதீர்கள்.

வடிகட்ட நேர்ந்தால் நைலான் வடிதாள் வேண்டாம். ஃபீனால் வகை மூலக்கூறுகளை அது பிடித்துவைத்துக்கொள்ளும், வடிந்து வருவது வெளிறியிருக்கும். எத்தனால் கரைசலுக்கு பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்) வடிதாள் சரி. நீரில் நுண்துகளாக இருப்பதை வடிகட்டினால் குர்குமின் வடிதாளிலேயே தங்கிவிடும். அதன்பின் கிடைக்கும் தெளிந்த திரவத்தில் ஒன்றும் இருக்காது.

---

ஆய்வகப்பொறுப்பு எழுதியது:

மிக்க நன்றி. 600-ல் பார்த்தோம், இரண்டு வகையும் இருக்கிறது. அப்படியானால் 7.4-ல் நிலையாக வைக்க வழியே இல்லையா? அஸ்கார்பிக் அமிலம் சேர்க்கலாம் என்கிறார்களே? வளைய வடிவச் சர்க்கரை மூலக்கூறான சைக்ளோடெக்ஸ்ட்ரின் எப்படி?

---

நிறமாலை எழுதியது:

அஸ்கார்பிக் அமிலம் சிதைவை வெகுவாகத் தடுக்கும், உண்மை. அதன் உறிஞ்சல் புற ஊதாவில் இருப்பதால் 425-ஐத் தொந்தரவு செய்யாது. ஆனால் அப்படியே அமிலமாகப் போட்டால் பஃபரின் பி.எச். இறங்கிவிடும். அப்போது நிலைத்தன்மை அஸ்கார்பிக்கால் வந்ததா, குறைந்த பி.எச்.-ஆல் வந்ததா என்று சொல்ல முடியாது. சோடியம் அஸ்கார்பேட்டாகப் போட்டு, போட்டபின் பி.எச். மீட்டரில் பார்த்துச் சரிசெய்யுங்கள். உங்கள் சோதனை ஆக்சிஜனேற்றத் தடுப்பைப் பற்றியது என்றால் இதைத் தொடவே கூடாது. அளப்பது அஸ்கார்பேட்டின் செயலாகத்தான் இருக்கும்.

ஹைட்ராக்சிபுரொப்பைல் பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரின் கரைதிறனைப் பல ஆயிரம் மடங்கு உயர்த்தும். குர்குமின் அதன் குழிக்குள் ஒதுங்குவதால் நீராற்பகுப்பும் குறையும். ஒரு விஷயம் மட்டும் எதிர்பாராதது. சைக்ளோடெக்ஸ்ட்ரினுக்குள் இருக்கும் குர்குமின், கரிமக் கரைப்பானில் இருப்பதைவிட ஒளியால் வேகமாகச் சிதைகிறது. நிலைப்படுத்திவிட்டோம் என்று திறந்த மேசையில் வைக்காதீர்கள். சீரம் புரதமும் உதவும். முன்பு சொன்ன 1997 ஆய்விலேயே 10% கன்றுச் சீரம் உள்ள ஊடகத்தில் ஒரு மணி நேரத்தில் 20%-க்கும் குறைவாகத்தான் சிதைந்தது, பாதியாகக் குறைய எட்டு மணி நேரம் ஆனது.

எதைச் சேர்த்தாலும் அந்தச் சேர்மம் மட்டும் உள்ள ஒப்பீட்டுக் குழாய் ஒன்று வேண்டும். குர்குமினைத் தானாகவே பஃபரில் சிதைய விட்டு, அந்தச் சிதைந்த கரைசலையும் இன்னொரு ஒப்பீடாக வையுங்கள். செல் சோதனைகளில் 24 மணி நேரம் கழித்து வரும் விளைவைக் குர்குமினின் விளைவு என்று எழுதும் கட்டுரைகளைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அந்த நேரத்தில் குழாயில் இருப்பதில் பெரும்பங்கு வேறு பொருள்கள். ஃபுளோரசன்ஸ் சோதனைகளில் இன்னும் கவனம் தேவை. குர்குமின் தானே ஒளிரும், பிற சாயங்களின் ஒளியை விழுங்கவும் செய்யும்.

---

பகுப்பாய்வு எழுதியது:

போரான் பகுதிக்கு நான் வருகிறேன்.

காட்டித்தாளில் இரண்டு சிவப்பையும் பிரிப்பது எளிது. காரத்தால் வந்த செம்பழுப்பு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு துளி விட்டதும் மஞ்சளாகும். போரானால் வந்த சிவப்பு அமிலத்தில் மாறாது. காய்ந்த தாளில் அம்மோனியா அல்லது நீர்த்த காரம் பட்டால் நீலக்கறுப்பாக அல்லது பச்சைக்கறுப்பாக மாறும். சோதனைக் கரைசலை முதலில் அமிலமாக்கிவிட்டுத் தாளை நனைத்து, உலரவிட்டுத்தான் பார்க்க வேண்டும். ஈரமாக இருக்கும்போது போரான் நிறம் முழுதாக வராது, நீர் நீங்க நீங்கத்தான் போரானும் குர்குமினும் சேர்ந்த சிவப்பு அணைவு உருவாகிறது. சிர்கோனியம், டைட்டானியம், மாலிப்டினம் உப்புகளும் அமிலத்தில் இந்தத் தாளைப் பழுப்பாக்கும். குளோரேட், நைட்ரைட் போன்றவை தாளின் நிறத்தையே கெடுத்துவிடும்.

இனி அளவீடு. வினைப்பொருளுக்கு நன்றாகப் பொடித்த குர்குமின் 40 மி.கி., ஆக்சாலிக் அமிலம் 5.0 கிராம். இரண்டையும் 95% எத்தனால் 80 மி.லி.யில் கரைத்து, அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 4.2 மி.லி. சேர்த்து, எத்தனாலால் 100 மி.லி. ஆக்குங்கள். கலங்கலாக இருந்தால் வடிதாளில் வடிகட்டவும். குளிர்பதனப் பெட்டியில் சில நாள் தாங்கும், அதற்குமேல் புதிதாகச் செய்வதே நல்லது. நீர் மாதிரி 1.00 மி.லி., வினைப்பொருள் 4.0 மி.லி. ஆவியாக்கும் கிண்ணத்தில் சுழற்றிக் கலந்து, 55 டிகிரி வாட்டர் பாத்தில் 80 நிமிடம். வெப்பம் இரண்டு டிகிரிக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது. ஆறியபின் 95% எத்தனால் 10 மி.லி. விட்டு பாலித்தீன் குச்சியால் தேய்த்துக் கரைத்து, 25 மி.லி. குடுவைக்கு மாற்றி, எத்தனாலாலேயே குறிவரை நிரப்பி, 540 நானோமீட்டரில் அளக்கவும். லிட்டருக்கு 0.1 முதல் 1.0 மி.கி. போரான் வரை இந்த முறைக்குப் பொருந்தும்.

தவறு எங்கே நுழையும் என்பதுதான் இதில் முக்கியம். கடைசியில் தண்ணீர் விட்டு நிரப்பினால் சிவப்பு அணைவு நீராற்பகுப்பில் உடைந்து எண் குறையும். ஆகவே எத்தனால் மட்டும், அதுவும் உலர்ந்து ஒரு மணி நேரத்துக்குள் அளந்துவிட வேண்டும். கிண்ணங்கள் எல்லாம் ஒரே அளவு, ஒரே வடிவம், ஒரே பொருளாக இருக்கட்டும். ஆவியாகும் வேகம் மாறினால் நிறமும் மாறும். போரோசிலிகேட் கண்ணாடியிலேயே போரான் இருக்கிறது. மாதிரிகளைப் பாலித்தீன் புட்டியில் வையுங்கள், சூடான அல்லது காரத் திரவங்களைக் கண்ணாடியில் நிறுத்திவைக்காதீர்கள். நைட்ரேட் நைட்ரஜன் லிட்டருக்கு 20 மி.கி.யைத் தாண்டினால் குறுக்கிடும். கடினத்தன்மை 100 மி.கி.க்கு மேல் போனால் கலங்கலால் எண் கூடுதலாக வரும், மாதிரியை நேரயனிப் பரிமாற்றப் பிசினில் விட்டு எடுக்க வேண்டும்.

தரக்கரைசலுக்குப் போரிக் அமிலம் 571.6 மி.கி. ஒரு லிட்டரில் கரைத்தால் மி.லி.க்கு 100 மைக்ரோகிராம் போரான். எடை போடுமுன் அடுப்பில் உலர்த்தும் பழக்கம் இங்கே ஆகாது. 105 டிகிரியில் போரிக் அமிலம் தன் நீரையே இழந்து எடை குறையும், பிறகு தரக்கரைசல் கணக்கைவிட அடர்த்தியாகிவிடும். புட்டியில் உள்ளபடியே எடை போடுங்கள், மூடியை உடனே இறுக்குங்கள். வெறும் நீரை மாதிரிபோல வைத்து ஓட்டும் வெற்றளவு ஒவ்வொரு தொகுப்பிலும் இருக்க வேண்டும்.

---

பாதுகாப்பு_மேசை எழுதியது:

பிளீச் பற்றிய கேள்விக்கு யாரும் பதில் எழுதவில்லை, அதுதான் இந்த இழையில் அவசரமானது. பிளீச் வேண்டாம். சோடியம் ஹைப்போகுளோரைட் குர்குமினை வெளுக்கும் என்பது உண்மை. ஆனால் உங்கள் மேசையில் குர்குமின் தனியாக இல்லை. போரான் வினைப்பொருளில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது, அது பிளீச்சோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும். காட்டித்தாள் சோதனையில் அம்மோனியா வைத்திருக்கிறீர்கள், அதனோடு சேர்ந்தால் குளோரமைன். அசிட்டோனில் துடைத்த இடத்தில் பிளீச் விட்டால் குளோரோஃபார்ம் உண்டாகும். நான்கு புட்டிகளும் ஒரே அலமாரியில் இருக்கும் ஆய்வகத்தில் கறைக்காக இந்த வழிக்குப் போவது நியாயமில்லை.

மேசைக் கறைக்கு: தூளாகச் சிந்தியிருந்தால் உலர்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள், காற்றில் பறக்கும். எத்தனாலில் நனைத்த தாளை மேலே போர்த்தி, ஓரத்திலிருந்து நடுவுக்குத் துடைத்தெடுங்கள். அக்கம்பக்கத்தில் சுடர், சூடான தட்டு எதுவும் எரியக் கூடாது. தாளை ஃப்யூம் ஹூட்டில் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டு) ஆவி போகவிட்டு, மூடியுள்ள கழிவுத் தொட்டியில் போடுங்கள். மிச்சக் கறைக்குச் சோப்புக் கரைசல். அது காரமாக இருப்பதால் கறை திடீரென்று சிவக்கும், அது நிறமாற்றம்தான், கறை பெரிதாகவில்லை. தேய்த்து அலசினால் போய்விடும். நுண்துளைகளில் இறங்கிய மஞ்சளை வெளிச்சமே சில நாளில் வெளுத்துவிடும். கண்ணாடிக் கலன்களை முதலில் எத்தனால், பிறகு சோப்பு, பிறகு நீர் என்று கழுவுங்கள். காரம் ஒட்டிய குடுவையில் அடுத்த கரைசலைச் செய்தால் அது தொடக்கத்திலேயே சிதையும், ஆகவே கடைசி அலசல் நன்றாக இருக்க வேண்டும்.

குர்குமின் தூள் கொடிய நஞ்சு இல்லை. உணவு நிறமாக ஏற்கப்பட்டது, ஒரு நாளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 3 மி.கி. வரை என்று ஏற்கத்தக்க அளவும் வகுத்திருக்கிறார்கள். ஆனால் ஆய்வகப் புட்டியிலுள்ளது உண்பதற்கான தரத்தில் செய்ததல்ல. கரைப்பான் எச்சத்துக்கோ ஈயத்துக்கோ அதில் உத்தரவாதம் கிடையாது. பல பாதுகாப்புத் தரவுத்தாள்கள் தோல், கண், மூச்சுப்பாதை எரிச்சல் என்று குறிப்பிடுகின்றன. எடை போடும்போது காற்று வீசித் தூள் பறக்காத இடம், பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, அதிக அளவு என்றால் தூசி முகமூடி. கண்ணில் பட்டால் கால் மணி நேரம் ஓடும் நீரில் கழுவி மருத்துவரிடம் காட்டுங்கள். கிலோ கணக்கில் கையாளும் இடத்தில் கூடுதலாக ஒன்று: நுண்ணிய கரிமத் தூள் எதுவும் காற்றில் மேகமாக எழுந்தால் பொறி பட்டு வெடிக்கக்கூடும். கலன்களுக்கு நிலத்தொடர்பு கொடுக்க வேண்டும்.

உண்மையான ஆபத்து துணைப்பொருள்களில்தான். ஆக்சாலிக் அமிலம் விழுங்கினால் நச்சு. போரிக் அமிலம் இனப்பெருக்கத்துக்குத் தீங்கு செய்யும் பொருளாக ஐரோப்பிய ஒன்றியத்தில் வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. அந்த 80 நிமிட ஆவியாக்கலில் எத்தனாலும் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியும் சேர்ந்து வரும், அதை ஃப்யூம் ஹூட்டுக்கு வெளியே செய்யவே கூடாது.

கழிவுக்கு மூன்று புட்டிகள்: எத்தனாலும் அசிட்டோனும் சேர்ந்த தீப்பற்றும் கழிவு, டி.எம்.எஸ்.ஓ. உள்ளவை, போரான் சோதனையின் அமிலக் கழிவு. மூன்றையும் கலக்க வேண்டாம். பெயர், தேதி, உள்ளடக்கம் மூன்றும் ஒட்டுத்தாளில் இருக்கட்டும். எதையும் கழுவுதொட்டியில் ஊற்றாதீர்கள்.

---

கரைப்பான் எழுதியது:

கையுறை பற்றிச் சிறு சேர்க்கை. நைட்ரைல் கையுறை தூளுக்கும் எத்தனால் தெறிப்புக்கும் போதும். அசிட்டோன் நைட்ரைலை விரைவில் ஊடுருவும், தெறித்த உடனே கழற்றி மாற்ற வேண்டும். அசிட்டோனில் தொடர்ந்து வேலை என்றால் பியூட்டைல் ரப்பர். டி.எம்.எஸ்.ஓ.-வில் கவனம் வேறு வகை. அது தோலுக்குள் புகும்போது தன்னில் கரைந்திருப்பதையும் கூடவே கொண்டுபோகும். கையுறை நனைந்தால் "குர்குமின்தானே" என்று விட்டுவிடாதீர்கள். அதே கையில் அதற்குமுன் எதைத் தொட்டீர்கள் என்பதும் கணக்கில் வரும். கையில் மஞ்சள் ஏறினால் சோப்பும் நீரும் போதும், அசிட்டோனால் தேய்த்தால் தோலின் கொழுப்பு போய் இன்னும் ஆழமாக இறங்கும்.

---

ஆய்வகப்பொறுப்பு எழுதியது:

பிளீச் புட்டியை அந்த அலமாரியிலிருந்து எடுத்துவிட்டோம். ஒரே ஒரு சந்தேகம் மிச்சம்: 425, 540 இரண்டுக்கும் பிளாஸ்டிக் க்யூவெட் போதுமா, குவார்ட்ஸ் வேண்டுமா?

---

நிறமாலை எழுதியது:

குவார்ட்ஸ் தேவையில்லை. இரண்டும் கண்ணுறு ஒளி, சாதாரண ஒளியியல் கண்ணாடி க்யூவெட் போதும். முழு நிறமாலையை 350-க்குக் கீழே கொண்டுபோவதாக இருந்தால் மட்டும் குவார்ட்ஸ். பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை எத்தனாலுக்குக் கொஞ்ச நேரம் பயன்படுத்தலாம், அசிட்டோன் பட்டால் சுவர் மங்கிக் கரையத் தொடங்கிவிடும். பஃபர் அளவீட்டுக்கும் கண்ணாடியையே எடுங்கள், பிளாஸ்டிக் சுவர் குர்குமினைப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு அளவுக்குப் பின்னும் எத்தனாலால் அலசி, அதே எத்தனாலை நிரப்பி 425-ல் பூஜ்யம் வருகிறதா பாருங்கள். 0.005-க்கு மேல் நின்றால் இன்னொரு முறை அலசிவிட்டு அடுத்த மாதிரியை ஊற்றுங்கள்.